காரணம் கேட்கக் கூடாது

எங்கள் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: வலியை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது, அனுபவிக்கிறவர் வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும். நான் ஓர் இயன்மருத்துவர். அதாவது, பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில், கழுத்தும் தோளும் முதுகும் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவள். 'இயன்மருத்துவர்' என்று கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது, 'எக்சர்சைஸ் மிஸ்' என்றால் வாட்ச்மேனே வழிகாட்டுவார். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்த பிறகு எனக்குக் கலாநிதிப் பட்டம், அதாவது டாக்டரேட், படிக்கும் ஆசை வந்தது. வேலையை விடாமல், நோயாளிகளோடு செய்வதையே ஆராய்ச்சியாக எழுதிக் கொடுத்து வாங்குகிற பட்டம் அது. பல்கலைக்கழகம் வெளிநாட்டில். வகுப்பெல்லாம் கம்ப்யூட்டரில்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடை சுமக்கிற தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், கையைத் தூக்கித் தலை சீவ முடியாத நிலைமை வந்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள். காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிஷம் பயிற்சி செய்ய விட்டால் இத்தனை பேர் வரத் தேவையில்லை என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயருக்கு முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் போட்டுக்கொள்வார்கள் என்று நம்பித்தான் இதில் இறங்கினேன். வேலை, வீடு, படிப்பு மூன்றையும் ஒரே தலையில் ஏற்றிக்கொண்டு முழிக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

என் மாணவனின் மாணவி

வெளிநாட்டில் படித்தாலும் உள்ளூரில் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்றார்கள். நாடு முழுக்கத் தேடியதில் தகுதியானவர் என்று ஒரே ஒருவர் அகப்பட்டார். பிரதீபன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பதுளைக்குப் பயிற்சிக்கு வந்தபோது என்னிடம்தான் வேலை பழகினான். நோயாளியின் முழங்காலை அவன் பிடித்த பிடிக்கு நான் கையில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறேன். இப்போது கலாநிதியாகிக் கண்டியில் விரிவுரையாளராக இருக்கிறான். 'இருக்கிறார்' என்று எழுதத்தான் ஆசை, கை வர மாட்டேன் என்கிறது.

ஆராய்ச்சித் திட்டத்தை மூன்று மாதம் கஷ்டப்பட்டு எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் கம்ப்யூட்டர் திரையில் அவன் முகம் தெரிந்தது. தொண்டையைச் செருமினான். தண்ணீர் குடித்தான். மறுபடியும் செருமினான். அந்தக் காலத்தில் என்னிடம் லீவு கேட்க வரும்போதும் இப்படித்தான் செய்வான்.

"குறை நினைக்காதேங்கோ மிஸ், இது முதலாம் வருஷப் பிள்ளை எழுதின மாதிரிக் கிடக்கு."

அந்த ஒரு வரி

திட்டம் ஒருவழியாகத் தேறியது. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தோள் வலியுள்ள பெண்களுக்குப் பன்னிரண்டு கிழமை, அதாவது பன்னிரண்டு வாரம், பயிற்சி கொடுத்து, வலி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தது முப்பது பேர் கடைசி வரை நிற்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி ஒரு தடவைதான் தொடங்க விடுவார்கள். அதிலும் குறைந்தால் பட்டம் இல்லை, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். வேலை நாட்களில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற மண்டபம் அது. ஏணைத் தொட்டில்களை ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு முப்பத்து நான்கு பேர் பாயில் உட்கார்ந்தார்கள். ஆராய்ச்சியில் சேருகிறவர்களுக்கு அவர்களுடைய உரிமைகளைச் சொந்த மொழியில் வாசித்துக் காட்டுவது சட்டம். நானும் வாசித்துக்கொண்டே போனேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். "நீங்கள் விரும்பினால் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உங்கள் சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது" என்ற இடம் வந்தபோது கொட்டாவி நின்றது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் தட்டி எழுப்பினாள்.

முன்வரிசையில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். பெயர் புஷ்பம். பதினேழு வயதில் கூடை மாட்டியவள்.

"மிஸ், வேலைக்குப் போகலைன்னாலும் காரணம், கல்யாணத்துக்குப் போறதுன்னாலும் காரணம்னு சொல்லிச் சொல்லியே பழகிப்போச்சுங்க. காரணம் சொல்லாம போகலாம்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல. அந்த எடத்த இன்னொருக்கா வாசிங்க."

முழு வலி

வலியை அளக்க எங்களிடம் இருக்கிற ஒரே கருவி கேள்விதான். வலியே இல்லை என்றால் பூஜ்யம், இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் பத்து. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இதைக் கேட்கிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. முதல் நாள் ராமாயியிடம் கேட்டேன். அந்தக் கூட்டத்திலேயே மூத்தவள் அவள். "பதினெட்டுங்க" என்றாள். பத்துதான் ஆகக் கூடியது என்று விளக்கினேன். யோசித்துவிட்டு மறுபடியும் பதினெட்டு என்றாள்.

தோட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. சொன்ன அளவு கிலோ கொழுந்து பறித்தால் முழுநாள் சம்பளம், அதற்கு முழுப் பேர் என்று சொல்வார்கள். குறைந்தால் அரைப் பேர்தான். முழுப் பேருக்கு அங்கே பதினெட்டு கிலோ. எனக்கு இது தெரியாததல்ல, ஆனால் ஆராய்ச்சி எழுதுகிற மண்டையில் அது ஏறவில்லை. "அம்மா, பத்துன்னே போட்டுக்கவா? பத்துன்னா தாங்கவே முடியாத வலி" என்று கெஞ்சினேன். ராமாயி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பத்துக்கு அரைப் பேருதாங்க மிஸ் போடுவாங்க. எனக்கு இருக்கிறது முழு வலிங்க."

பக்கத்துக் காம்பரா

முதலில் அவர்களை இரண்டு அணியாகப் பிரித்திருந்தேன். ஓர் அணிக்கு ரப்பர் பட்டி கொடுத்துப் பயிற்சி, மற்ற அணிக்கு வெறும் ஆலோசனை. கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். புத்தகத்தில் படிக்க அழகாக இருந்த ஏற்பாடு, லயத்தில் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். இந்தக் காம்பராவில் கடுகு தாளித்தால் அந்தக் காம்பராவில் தும்முவார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் இரண்டு அணியும் வாசலில் நின்று ஒன்றாகக் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது. பட்டி கிடைக்காதவர்கள் பழைய ஆட்டோ டியூபை வெட்டி வைத்திருந்தார்கள். என் பட்டியை விட அது நன்றாகவே இழுபட்டது.

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மறுபடி அனுமதி வாங்கி, எல்லோரையும் ஒரே அணியாக்கிப் புதிதாகக் கிழமையை எண்ணத் தொடங்கினோம். ஆள் குறையாததால் அதை ஒரு தடவையாகக் கணக்கில் எடுக்கவில்லை. "வேறு யாருக்கும் காட்டாதீங்கன்னு சொன்னேனே" என்று புஷ்பத்திடம் சத்தம் போட்டேன். அவள் என் ஆத்திரத்தைக் கொஞ்சமும் கணக்கில் எடுக்கவில்லை.

"நான் மட்டும் தனியா நின்னு கைய ஆட்டிக்கிட்டிருந்தா பாக்கிறவங்க எனக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா மிஸ்? அதான் எல்லாரையும் ஆட்டச் சொல்லிட்டேன்."

புஷ்பம் வீட்டுத் தேத்தண்ணி

எட்டாம் கிழமை புஷ்பம் வரவில்லை. "வெலகிக்கிறேன்னு சொல்லிடச் சொன்னா" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். புஷ்பத்துக்குத்தான் நல்ல குணம் கண்டிருந்தது. கை காதைத் தாண்டி மேலே போகத் தொடங்கியிருந்தது. விலகுவதாக அவள் வாயாலேயே கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சாக்காக வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன்.

புஷ்பம் வாசலில் இருந்து மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக வரவேற்றாள். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தாள். விலகுவது உண்மையா என்று கேட்டேன். ஆமாங்க என்றாள். அதற்கு மேல் நான் கேட்கக் கூடாது. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு நீங்க கேட்கக் கூடாதில்லீங்களா?" என்றாள். கூடாது என்றேன். "கோவிச்சுக்கவும் கூடாது?" கூடாது என்றேன். அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"இருங்க மிஸ், அவசரப்படாதீங்க. இன்னொரு தேத்தண்ணி ஊத்துறேன்."

பெரட்டில் சொல்லட்டுமா

அடுத்தடுத்த கிழமைகளில் இன்னும் நான்கு பேர் விலகினார்கள். ஒருத்தியும் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்பதை அவ்வளவு அழுத்தமாக வாசித்துக் காட்டிய புண்ணியவதி நான்தானே. எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது. ஒரே ஓர் ஆளால் என் வருஷம் போகப் போகிறது.

செய்தி கங்காணியிடம் போய்விட்டது. மாரிமுத்துக் கங்காணி நல்ல மனிதர், முதுகு வலிக்காக என்னிடம் வருகிறவர். காலையில் எல்லோரையும் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்து நிற்பார்கள் என்றார். நிற்பார்கள் என்று எனக்கும் தெரியும். இரண்டு நிமிஷத்தில் பட்டமளிப்பு விழாவில் என்ன சேலை உடுத்துவது என்பது வரை யோசித்துவிட்டேன். பிறகு வேண்டாம் என்றேன். பயந்து வந்தவர்களை நான் கணக்கில் சேர்க்க முடியாது என்றும் சொன்னேன். கங்காணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க மிஸ் படிப்பு இது? வராதவங்கள கூப்பிடவும் கூடாது, கூப்பிட்டு வந்தவங்கள எண்ணவும் கூடாதுன்னா?"

நானும் விலகப் பார்த்தேன்

முதல் தடவை தோற்றது. பிரதீபன் தன்னால் ஆனமட்டும் எழுதிப் பார்த்தான், பல்கலைக்கழகம் அசையவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளை அந்தத் தோட்டத்து ஏற்றத்தில் கொட்டியிருந்தேன். நானும் விலகிக்கொள்வது என்று முடிவு செய்து, பல்கலைக்கழகத்தின் விலகல் விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் கேள்வியே, விலகுவதற்கான காரணத்தை விரிவாகக் கூறவும். இரண்டாவது, அதற்கான அத்தாட்சிகளை இணைக்கவும்.

கொழுந்து பறிக்கிற புஷ்பம் காரணம் சொல்லாமல் போகலாமாம், படித்த நான் மட்டும் அத்தாட்சியோடு காரணம் சொல்ல வேண்டுமாம். உடல்நலம் என்று எழுதினால் பொய், எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். குடும்பம் என்று எழுதலாமா என்று கணவரிடம் கேட்டேன். கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர் அவர். ஆணி நிறுத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"குடும்பம்னு என்னைய இழுக்காத. வேற காரணம் கெடைக்கலைன்னா படிச்சு முடிச்சிடு, என்ன செய்றது."

இரண்டாம் முறை

அதே தோட்டம், அதே பிள்ளைக் காம்பரா. இதிலும் ஆள் குறைந்தால் அத்தோடு சரி. பழைய ஆட்களும் விரும்பினால் சேரலாம் என்று பிரதீபன் அனுமதி வாங்கித் தந்திருந்தான். புஷ்பம் கூப்பிடாமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

உரிமைகளை வாசிக்கத் தொடங்கினேன். அந்த வரி வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்கிற வேகத்தில் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். விட்டுவிடவில்லை, சொன்னேன்தான். ஆனால் எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முன்பு காதைத் தாண்டிப் போகாத கை, இப்போது நேராக மேலே நின்றது.

"மிஸ், அந்த வரிய முழுங்கிட்டீங்க. புதுசா வந்தவங்களுக்குக் கேட்டிருக்காது, சத்தமா வாசிங்க."

சத்தமாக வாசித்தேன், பன்னிரண்டாம் கிழமை முப்பத்தொரு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஏன் போனீர்கள் என்று கேட்கக் கூடாதென்றால் ஏன் இருந்தீர்கள் என்றும் கேட்கக் கூடாதுதானே, அதனால் கலாநிதியான பிறகும் எனக்குக் காரணம் தெரியாது.