உட்காராத தாய்மாமன்

எங்கள் மீனாட்சிபுரத்தில் வந்து சென்னிமலை வீடு எது என்று கேட்டால் யாரும் யோசிப்பார்கள். ஒத்தைக் கடுக்கன் வீடு என்று கேட்டால் பால் சொசைட்டி நாய்கூட வழிகாட்டும். சென்னிமலைக்கு வலது காதில் மட்டும் சிவப்புக்கல் கடுக்கன். இடது காதில் ஓட்டையே கிடையாது. சின்ன வயதில் ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் வந்த ரத்தம் துணி துணியாக நனைத்தும் நிற்கவில்லையாம். அடுத்த காதைத் தொடாமலே ஆசாரி ஓடிப்போனார்.

நான் அவனுக்குப் பங்காளி, பக்கத்துத் தோட்டத்துக்காரன். அவனைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. வெளியாள் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேலி செய்ய அவனிடம் விஷயத்துக்கும் பஞ்சமில்லை. முழங்கால் இரண்டிலும் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தோட்டத்துக்குள் இறங்குவான். அரிவாளைத் தொடமாட்டான். கொம்பு கூர்மையான மாட்டைப் பார்த்தால் விலை பேசாமலே திரும்பிவிடுவான். சவரக்கத்திக்குப் பயந்து தாடி வளர்த்தான். பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு அம்மாள் அவனைச் சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்துவிட்டாள். இவன் பதறிப் பின்னால் நகர்ந்து முழங்காலைக் கூடையில் இடித்துக்கொண்டான். அந்த அம்மாள் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனாள், இவன் வீங்கின காலோடு வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தான்.

அவனுக்கு ஏன் இப்படி என்பதற்கு ஊரில் ஒரே பதில்தான். ஒரு காதைக் குத்தி ஒரு காதை விட்டுவிட்டதால் குலதெய்வம் கருப்பராயனுக்குக் கோபம். அவன் அப்பா ரத்தினசாமி அதை அப்படியே நம்பினார். "எங்க குடும்பத்துல அடுத்துப் பொறக்கிற ஆம்பளப் பையனுக்கு ரண்டு காதையும் குத்தி, தங்கக் கம்பி போடறேன் சாமி" என்று நேர்ந்துகொண்டார். ரத்தம் நிற்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? சென்னிமலை கட்டாமலே இருந்துவிட்டான். தங்கை துளசிமணிக்குத்தான் ஆண் குழந்தை பிறந்தது. நேர்த்திக்கடன் அந்தக் காதுகளின் மேல் போய் உட்கார்ந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் சென்னிமலைக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பல் வந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். யார் யாரோ கொடுத்த ரத்தத்தின் தெளிவை மட்டும் பிரித்து ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அங்கேதான் டாக்டர் மத்தியாஸ் அகப்பட்டார். தலைமுறை தலைமுறையாக வருகிற ரத்தக் கோளாறு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம் டாக்டர். இவனைக் கண்டதும் அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி சந்தோஷம். கொஞ்ச நாளில் ஜீப் போட்டுக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார்.

களத்தில் கட்டிலைப் போட்டு, வம்சாவளி வரையப் பெரிய காகிதத்தை விரித்தார். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். ரத்தினசாமி தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாத்தா, அவருக்குத் தாத்தா, அவர் எந்தக் காளையை எவ்வளவு தூரத்திலிருந்து ஓட்டி வந்தார் என்பதுவரை ஒப்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

"ஐயா, இந்த வியாதி உங்க வழியில வராதுங்க. அம்மா வழியிலதான் வரும். பெண்களுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க பெத்த பையன்ல வெளிப்படும். உங்க மனைவி பக்கம் சொல்லுங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் எல்லாரும் மாடு வளர்க்கிறவர்கள். கிடாரி வாங்கப் போனால் தாய்மாட்டின் மடியைப் பார்க்காமல் கயிற்றில் கைவைக்கமாட்டோம். மனிதனுக்கு மட்டும் தகப்பன் வழியைத்தான் எண்ணுவோம். கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் வழி வேறு கூட்டம், அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

ஞாபகம் வைத்திருந்தது மருதாத்தாள் ஒருத்திதான். சென்னிமலையின் அம்மா. பால் கறந்துகொண்டிருந்தவள் சொம்போடு எழுந்து வந்தாள்.

"எனக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தானுங்க டாக்டரு. மொட்ட போடறப்ப கத்தி பட்டுருச்சு. ராத்திரி பூராவும் நிக்கலீங்க. விடியறப்ப போயிட்டான்."

டாக்டர் ஒரு கட்டம் வரைந்து அதைக் கறுப்பாக நிரப்பினார். அதிலிருந்து மருதாத்தாளின் வட்டத்துக்கு ஒரு கோடு. அதிலிருந்து சென்னிமலையின் கறுப்புக் கட்டத்துக்கு ஒரு கோடு.

"பாத்தீங்களா, எங்க பக்கம் சுத்தம்!" என்றார் ரத்தினசாமி.

எனக்கு அவர் தலைப்பாகையைத் தட்டிவிடலாம் என்று இருந்தது. மருதாத்தாள் பால் சொம்போடு உள்ளே போனாள். அன்று முதல் அந்த வீட்டில் எல்லாருக்கும் காப்பி கிடைத்தது, ரத்தினசாமிக்கு மட்டும் பால் தீர்ந்துபோனது. பத்து மாடு கறக்கிற வீட்டில்!

"இதுக்கு மருந்து இல்லீங்களா?" என்று கேட்டான் சென்னிமலை.

"ரத்தம் உறையறதுக்கு வேண்டிய பொருள் ஒண்ணு உங்க உடம்புல உண்டாகல. இப்போதைக்கு அடுத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்துத்தான் குடுக்க முடியும். வெளிநாட்டுல சில பேர், வித்துலயே இருக்கிற குறையைச் சரிபண்ணலாமான்னு பேசிக்கிட்டிருக்காங்க. பேச்சுதான், இன்னும் ஒண்ணும் ஆகல."

"அது வரட்டுமுங்க. வந்தா அடுத்த காதையும் குத்திக்கிறேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு துளசிமணியின் குழந்தைக்கு மெல்லிய ஊசியால் ரத்தம் எடுத்து, அந்த இடத்தை நெடுநேரம் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். துளசிமணி வழியாக அவனுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், சோதித்துப் பார்த்து வந்து சொல்கிறேன், அதுவரை ஊசியோ கத்தியோ குழந்தைமேல் படவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரத்தினசாமியோ காதுகுத்துக்கு நாள் குறித்து, உடுமலைப் பக்கத்துச் சம்பந்திகளுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து முடித்திருந்தார். "சாமிக்கு நேந்ததுல டாக்டரு என்னத்துக்கு? கருப்பராயன் சன்னதில குத்தினா ரத்தமே வராது" என்றார். துளசிமணியின் வீட்டுக்காரன் மாமனார் பேச்சைத் தட்டாத மாப்பிள்ளை. ஊரில் யார் பேச்சையும் தட்டாதவன் என்றும் சொல்லலாம். துளசிமணி அண்ணனிடம் வந்து அழுதாள்.

"அண்ணா, நீதான் ஏதாச்சும் பண்ணோணும். எம் பையன் காதுல ஊசி படக் கூடாது."

"அழுவாத கண்ணு. நான் பாத்துக்கிறேன்" என்றான். ஆட்டுக்குட்டி துள்ளினாலே ஒதுங்கி நிற்கிற இவன் என்ன பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கருப்பராயன் கோயிலில் கூட்டம். கிடா வெட்டி அண்டாவில் கொதிக்கிறது. பனைமரத்தடியில் ஜமக்காளம் விரித்து ஆசாரி தங்கக் கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"தாய்மாமன் வந்து உக்காரட்டுமுங்க" என்றார் ஆசாரி.

காதுகுத்து தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். வேறு மடி செல்லாது. குழந்தைக்கு இருக்கிறது ஒரே தாய்மாமன். அவன் ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் உக்காரலீங்க."

"ஏன்டா?"

"உக்காந்தாத்தானுங்கப்பா மடி. நிக்கறவனுக்கு மடி ஏதுங்க?"

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகப் புத்தி சொன்னார்கள். சம்பந்திகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மருமகனுக்கு மடி கொடுக்காத மாமன் உலகத்தில் உண்டா என்று ஒரு கிழவர் வானத்தைப் பார்த்துக் கேட்டார். ரத்தினசாமி கத்தினார், கெஞ்சினார், கடைசியில் "அவனைப் புடிச்சு உக்கார வைங்கடா!" என்றார்.

நாலு பேர் பாய்ந்தார்கள். பாய்ந்த வேகத்திலேயே நின்றார்கள். பிடித்தால் கன்றிப்போகும், தள்ளினால் உள்ளே ரத்தம் கட்டும், அப்புறம் யார் பதில் சொல்வது? ஊரே அவனைக் கேலி செய்த சீக்கு அன்றைக்கு அவனுக்குக் காவல் நின்றது. ஒருத்தன் சத்தமில்லாமல் பின்னால் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தான். சென்னிமலை ஓரடி தள்ளி நின்றான். முக்காலியும் ஓரடி தள்ளி வந்தது. இப்படியே மாமனும் முக்காலியும் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நான் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெயில் ஏற ஏற எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவனுடைய இடது முழங்கால் துண்டை மீறி வீங்கிக்கொண்டிருந்தது. வேட்டி வேர்வையில் ஒட்டியிருந்தது. பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றான்.

"ஏப்பா, போதுமப்பா, கால் போயிருமப்பா" என்றேன்.

"ராகு காலம் எப்பீங்க?"

"உச்சிக்கு."

"அதுவரைக்கும் நிக்கறேனுங்க."

நின்றான். மருதாத்தாள் வந்து மகன் தலைக்கு மேலே முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூசாரி ராகு காலம் பிறந்துவிட்டது என்று சொன்ன அடுத்த நொடி சென்னிமலை பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தான். அருமையான மடி. ஆனால் ராகு காலத்தில் ஊசி எடுக்க எந்த ஆசாரிக்குத் துணிச்சல் வரும்? உச்சி சாய்ந்தபின் காது குத்துகிற வழக்கமும் இல்லை. கிடா வெந்துவிட்டது, எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். சென்னிமலையை நான் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த முழங்கால் அதற்கப்புறம் மடங்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஜீப் வந்தது. டாக்டர் மத்தியாஸ் இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். குழந்தைக்கு அந்தக் கோளாறு இல்லை. நல்ல ரத்தம். ஊசி படலாம், கத்தி படலாம், எதுவும் ஆகாது.

துளசிமணி குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரத்தினசாமிக்கு மறுபடியும் வாய் வந்துவிட்டது.

"அப்ப இவன் அத்தன நேரம் நின்னு காலைக் கெடுத்துக்கிட்டது வீண்தானுங்களே?"

"வீணாப் போவோணும்னுதானுங்கப்பா சாமியக் கும்பிட்டுக்கிட்டே நின்னேன்" என்றான் சென்னிமலை.

ரத்தினசாமி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அவருக்கும் காப்பி வந்தது.

அடுத்த நல்ல நாளில் அதே கோயில், அதே ஆசாரி. கால் மடங்காததால் மாமன் நாற்காலியில் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் குன்றிமணி அளவுக்குத் திரண்டது. சென்னிமலை மூச்சுவிடாமல் அதையே பார்த்தான். சொட்டு பெருகவில்லை. அப்படியே உறைந்து நின்றது.

"அம்மா! இங்க ஓடி வாங்க! துணி வெக்கல, யாரும் அழுத்தல. தானா நின்னுருச்சு பாருங்க!"

காதுகுத்தில் ரத்தம் நிற்பதைப் பார்க்க யாராவது ஓடி வருவார்களா? மருதாத்தாள் ஓடி வந்தாள். குனிந்து அந்தச் சொட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், துடைக்கவே இல்லை.