அறுபத்திரண்டு மீட்டர்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். மற்றவர்கள் "கொஞ்சம் தூக்கு, கொஞ்சம் இறக்கு" என்று சமாளிக்கும் இடத்தில் இவர் "மூணு மில்லி" என்பார். இரண்டரை மில்லி தூக்கினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வெண்டைக்காய் நறுக்கிய மனைவியிடமே ஸ்கேலை நீட்டினார் என்று ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. ஸ்கேல் இல்லை, டேப் என்று மட்டும் திருத்துவார்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடியது, நடை கூடவில்லை. கடையில் விற்ற வாக்கரை நாலு அடி தள்ளிப் பார்த்து, "இதைச் செஞ்சவனுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு" என்று ஓரம்கட்டினார். பிறகு, கழித்துப் போட்ட லிஃப்டுகளின் உருளைகளை வைத்துத் தானே ஒன்று செய்தார். பிரேக் உண்டு, மடக்கி உட்காரப் பலகை உண்டு. சத்தமில்லாமல் உருளும். தெருவே வந்து தடவிப் பார்த்தது.

அந்த வருஷமே மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. ஊரின் மறுகோடியில் இருந்த பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் பார்க்க விடுவார்கள். அவளுக்குப் பேச்சு போய்விட்டது, பிடிவாதம் போகவில்லை. நர்ஸ் ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். இவர் ஊட்டினால் வாய் திறப்பாள். ஆனால் இவர் போய்ச் சேரவேண்டுமே? வாக்கர் பஸ்ஸில் ஏறாது, வாக்கர் இல்லாமல் இவர் ஏறமாட்டார். வாடகைக் கார் வைக்க அரசாங்கத்தின் நடமாட்ட உதவித்தொகை வந்தால்தான் உண்டு.

படிவத்தில் ஒரு கேள்வி: எவ்வளவு தூரம் நடக்க முடியும்? ஐம்பது மீட்டருக்குள் இருந்தால் உதவித்தொகை. வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இருபது என்று எழுதியிருப்பார்கள். இவர் தெருவில் டேப்பை விரித்தார். ஒரு முனையை மனைவியின் தம்பி பிடித்துக்கொண்டான்.

"முப்பதுன்னு போடுங்க அத்தான். யாரு வந்து அளக்கப் போறா?"

"நான் அளந்துட்டேனே மச்சான்."

வாக்கரோடு அறுபத்திரண்டு மீட்டர், வாக்கர் இல்லாமல் ஏழு. இரண்டையும் எழுதினார், அடியில் கோடும் போட்டார்.

பதில் வந்தது. நடைக்கருவியின் துணையோடு நடக்கும் தூரமே கணக்கில் கொள்ளப்படும். விண்ணப்பதாரர் அறுபத்திரண்டு மீட்டர் நடப்பதால் தகுதியில்லை. அதாவது, உருளை தேய்ந்த ஓட்டை வாக்கர் வைத்திருந்தால் பணம் கிடைத்திருக்கும். பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு நன்றாக வேலை செய்து தொலைத்துவிட்டார்.

"மேல்முறையீட்டுக்கு அந்த வாக்கரைக் கொண்டு வந்தீங்கன்னா நான் வரமாட்டேன்" என்றான் மச்சான். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, கார் பிடித்து, தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனான்.

நடக்க முடியாதவர்களை மதிப்பிடும் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் ஓர் அட்டை தொங்கியது: "பழுது. படிகளைப் பயன்படுத்தவும். உடலுக்கு நல்லது."

"பதினோரு மணிக்குள்ள மேல போகலைன்னா வரலைன்னு எழுதிடுவாங்க சார்" என்றார் காவலாளி.

மில்லிமீட்டர் அட்டையைப் பார்க்கவில்லை. கதவு மூடி, கிளம்பாமல், திரும்பத் திறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மெயின் ஸ்விட்சை அணைங்க. ஒரு ஸ்க்ரூடிரைவரும் நாற்காலியும் குடுங்க." உட்கார்ந்த இடத்திலிருந்தே மச்சானைக் கொண்டு, கதவு ஒட்டி மூடும்படி அதன் மேல்தகட்டை நகர்த்தவைத்தார். "இன்னும் ஒரு மில்லி. போதும். போதும்டா!" பத்து நாற்பதுக்கு லிஃப்ட் ஓடியது.

மேலே அதிகாரி அம்மா தலை நிமிரவில்லை.

"எப்படி வந்தீங்க?"

"லிஃப்ட்ல மேடம்."

"லிஃப்ட் ரெண்டு மாசமா ஓடலையே?"

"இப்ப ஓடுது. கதவு நாலு மில்லி ஒட்டலை, சரி பண்ணிட்டேன்."

"வாக்கர் எங்க?"

"வீட்ல."

"அது இல்லாமயே வந்துட்டீங்க."

"நான்தான் மேடம் இழுத்துட்டு வந்தேன்!" என்றான் மச்சான்.

"நான் உங்களைக் கேக்கலை." எழுதிக்கொண்டார்.

இரண்டாவது பதில் முதலாவதைவிட அழகாக இருந்தது. விண்ணப்பதாரர் நடைக்கருவி இன்றியே இரண்டாம் மாடியை அடைந்துள்ளார். இயந்திரம் பழுது பார்க்கும் உடல்திறனும் உள்ளவர். கருவியே தேவைதானா என்பது ஐயத்திற்குரியது.

"வச்சிருந்தா நடக்கறீங்கங்கறான், இல்லாம போனா வந்துட்டீங்கங்கறான்" என்று மச்சான் பல்லைக் கடித்தான். "பேசாம நடக்கவே முடியலைன்னு படுத்துடுங்க அத்தான்."

"அதுக்கும் நேர்ல வந்து படுக்கச் சொல்வாங்க."

கையில் இருந்த பணம் அதுவரை போய்வந்த கார் வாடகைக்கே தீர்ந்து, மூன்று வாரம் அவர் இல்லத்துக்குப் போகவில்லை. இல்லத்திலிருந்து நர்ஸ் போன் செய்தாள்: "அம்மா சாப்பிடறதே இல்லைங்க. கதவையே பாத்துட்டிருக்காங்க." அவர் போனை வைத்துவிட்டு வாக்கரின் பிரேக்கைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி அம்மாவே கூப்பிட்டார். பேசும்போதே மூச்சு வாங்கியது. படியேறி வந்திருந்தார்.

"லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு சார். கம்பெனி ஆளு வர ஒரு மாசமாகுமாம். நீங்க கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?"

"தாராளமா. ஒன்பது கிலோமீட்டர் மேடம். அறுபத்திரண்டு மீட்டருக்கு ஒரு தடவை உக்காருவேன். மொத்தம் நூத்தி நாப்பத்தஞ்சு தடவை. நாளன்னைக்கு வந்துடுவேன்."



"ஆபீஸ் காரை அனுப்பறேன்."

கார் வந்தது. டிக்கியில் வாக்கர் கச்சிதமாக அமர்ந்தது. அரைமணி நேரத்தில் லிஃப்ட் ஓடியது. கூலி வேண்டாம் என்றார். வேறொரு இடத்தில் இறக்கிவிட்டு, கொஞ்சம் காத்திருந்து வீட்டில் விட்டால் போதும் என்றார். அன்று மத்தியானம் மனைவி ஒரு கிண்ணம் கஞ்சி முழுக்கக் குடித்தாள். நடுவில் அவர் விரலையும் கடித்தாள், மூன்று வாரத்துக்காக.

வெள்ளிக்கிழமை லிஃப்ட் மறுபடி நின்றது. அடுத்த செவ்வாயும். ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளும் பழுதில்லை. கதவு மூடும், கிளம்பாது, அவ்வளவுதான்.

"அத்தான், நீங்க கை வச்சா பத்து வருஷம் தாங்கும்னு உங்க கம்பெனியில சொல்வாங்களே?"

"பழைய லிஃப்ட் மச்சான்."

"செவ்வாய், வெள்ளி மட்டும் பழசாகுதா?"

படிவத்தில் பன்னிரண்டு மீட்டரைக் குறைத்து எழுத மனம் வராதவர், தகட்டில் அரை மில்லியைக் குறைத்து வைக்கப் பழகியிருந்தார். மூன்று நாள் தாங்க ஓர் அளவு, நாலு நாள் தாங்க வேறோர் அளவு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அலுவலகக் கோப்பில் அவர் இன்றும் தகுதியற்றவர்தான். வாரம் இரண்டு முறை அதே அலுவலகத்தின் கார் வாசலில் வந்து நிற்கும், டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிடுவார்.

இப்படி ஏழு மாதம். ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். முந்தைய நாள் ஊட்டியதுதான் கடைசி.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை லிஃப்ட், வைத்த அளவுப்படி நின்றது. கார் வந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் போனார். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தகட்டை முழுசாகக் கழற்றி, நேராக்கி, புது மரையாணி போட்டு இறுக்கினார். இரண்டு தடவை டேப் வைத்துப் பார்த்தார்.

"அங்கதானே சார்?" என்று டிரைவர் வண்டியைத் திருப்பப் போனார்.

"இல்லப்பா. வீட்டுக்கு."

அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் ஒரு நாளும் நின்றதில்லை.