எட்டு மீற்றர் ஆழத்தில் என் வீரம்

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மற்ற ஆண்களுக்குக் கைக்கடிகாரம் கிடைக்கும். எனக்கு என் மனைவி ஸ்கூபா பயிற்சியைப் பரிசளித்தாள். அதுவும் மெல்பன் குளிர்காலத்தில், இருவருக்கும் சேர்த்து.

"ஊரில கடலுக்குள்ள மீன் மாதிரி நீந்தினனான் எண்டு எந்த நாளும் சொல்லுறனீங்கள் தானே," என்றாள்.

கல்யாண நாளிலிருந்து சொல்லிவந்த பொய். இனி மறுக்கவா முடியும்?

நீச்சல் குள வகுப்புகளில் தேறிவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நான் மாவீரன். கடைசிப் பாடம், குடாவில் மூழ்கிக் கிடந்த பழைய இரும்புக் கப்பல். ஆழம் எட்டு மீற்றர்தான். கிரான்பர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும்போது, "பயப்படாதேயும், என்ர கையைப் பிடிச்சுக்கொள்ளும்" என்று வழிநெடுக மனைவிக்குத் தைரியம் சொன்னேன். கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பவள் அவள்.

தடித்த ரப்பர் உடைக்குள் என்னைத் திணிக்க, மனைவியும் பயிற்சி தரும் பெண்ணும் கால்மணி நேரம் போராடினார்கள். தண்ணீர் பன்னிரண்டு பாகை என்று அந்தப் பெண் ஏதோ நற்செய்தி போலச் சொன்னாள்.

கீழே இறங்கினோம். கப்பலைக் காணோம், பாசி பிடித்த இரும்புத் தகடுகள் குவிந்து கிடந்தன. இதைப் பார்க்கவா இந்தப் பாடு என்று நினைக்கும்போதே என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. குளத்தில் பத்துத் தடவை செய்து காட்டிய பாடம் ஒன்றும் நினைவில் இல்லை. மேலே பாயக் காலை உதைத்தேன்.

யாரோ என் தோள்பட்டியைப் பிடித்து இழுத்தார்கள். மனைவி. என் முகத்துக்கு நேரே வந்து, தன் கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதிக் காட்டினாள். குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் இரண்டு முறை. ஊதினேன். தண்ணீர் வெளியேறியது. அதன் பிறகு அவள் என் கையை விடவேயில்லை. ஒரு தகட்டின் அடியில் ஒளிந்திருந்த சின்னக் கணவாயைக் கூடக் காட்டினாள். அது என்னைவிட நிதானமாக இருந்தது.

கரையேறியதும், "பயந்திட்டீங்களோ?" என்றாள்.

"சேச்சே. கண்ணாடி சரியில்லை."

அடுத்த சனிக்கிழமை நண்பர் வீட்டு விருந்தில் எட்டு மீற்றர் முப்பதானது. பாதி வழியில் ஒரு சுறாவும் வந்து சேர்ந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நண்பரின் மனைவி என் மனைவியிடம் திரும்பி, "உண்மையோ?" என்றாள்.

நான் என் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"ஓம்," என்றாள் என் மனைவி, என் தட்டில் இன்னொரு ரோல்ஸை வைத்தபடி. "சரியான குளிர்."