சம்பளம் சொன்ன ஞாயிறு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் ஏழு பெண்கள் வாடகைக்கு இருந்தோம். யுத்த காலம். ஊரில் இருக்க முடியாமல் வந்தவர்கள், வேலைக்காக வந்தவர்கள், வெளிநாடு போக வந்து விசா கிடைக்காமல் வேலை தேடிக்கொண்டவர்கள் என்று பல மாதிரி. அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு மங்கலான வெளிச்சம்தான். உப்புக்காற்றில் ஜன்னல் கண்ணாடிகள் எப்போதும் பாலாடை படிந்ததுபோல் இருக்கும். எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் மறுபடி படிந்துவிடும். அங்கே நடந்ததெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் நடந்ததைப் போலத்தான் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. காலையில் கடலோர ரயிலில் போகும்போது, கதவோரம் நின்று அலையைப் பார்த்தபடி எனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டே போவேன். ஒரே ஓர் அறை. தெஹிவளைப் பக்கம், நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிட வேண்டும். அந்த அறையில் நான் மட்டும் இருப்பேன். யாருக்கும் தேநீர் ஊற்றமாட்டேன். கோட்டை வந்ததும் பின்னால் நிற்பவர்கள் தள்ளினால்தான் எனக்கு நினைவு திரும்பும்.

அந்த அறைக்காகத்தான் பொய் சொன்னேன். எனக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சம்பளம். ஊருக்கு எழுதியது மூவாயிரத்து எண்ணூறு. உள்ளதைச் சொன்னால் அண்ணன் வெளிநாடு போகும் ஏஜென்சிக் காசுக்கு ஒரு பங்கு, சித்தியின் மகளின் கலியாணத்துக்கு ஒரு பங்கு என்று வீட்டில் உட்கார்ந்தே பிரித்துவிடுவார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் மாடிக்கும் வந்து கதைத்துவிட்டுப் போவார்கள் என்பதால், கூட இருந்த பெண்களுக்கும் அதே மூவாயிரத்து எண்ணூறுதான். இரண்டு வருடம் சொல்லிச் சொல்லி, எனக்கே அதுதான் என் சம்பளம் என்று ஆகிவிட்டது.

என்னோடு ஒரே அறையில் இருந்தவள் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். என்னைவிட நான்கு வயது இளையவள், காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடைக்காரர் கட்டச் சொல்லும் புடவையைக் கட்டிக்கொண்டு பளிச்சென்று போவாள். சம்பளத்தைக் கேட்டால், "ஓரளவுக்கு வருதுக்கா" என்பாள். ஓரளவு என்றால் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பாளே. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டியபோது நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். அவள்தான் சொன்னாள், "நீங்க ஊருக்கு அனுப்பணுமேக்கா. நான் எரநூறு கூடப் போடுறேன்." நான் ஒரு முறைக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் ஒவ்வொருவரிடமும் அலுவலகக் கடிதம் ஒன்று இருந்தது. சுற்றிவளைப்பு வந்தால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, இந்தக் கடிதம் மூன்றையும் காட்ட வேண்டும். இன்னார் இங்கே இந்த வேலை செய்கிறார், சம்பளம் இவ்வளவு என்று அதில் இருக்கும். எல்லோரும் அதைச் சம்பள வரி உள்ளே போகும்படி மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்திருப்போம். பாத்ரூமுக்குப் போனால்கூட சிலர் கையோடு கொண்டுபோவார்கள். ஒரே பானையில் சோறு தின்றோம், ஒரே சீப்பால் தலை வாரினோம், அந்த ஒரு வரியை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். நான் அரைத் தூக்கத்தில் இறங்கி வந்தேன். பனி போல ஒரு மூட்டம், அதற்குள் வரிசையாக மனிதர்கள், கீழே கடல் இரைகிற சத்தம். கனவு கலையவில்லை என்றுதான் நினைத்தேன். எனக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். பின்னால் எங்கள் வீட்டுப் பெண்கள். பொலிஸ் அதிகாரி என் கடிதத்தை விரித்துப் பிடித்தபடி எங்கே வேலை, எப்போதிருந்து என்று கேட்டார். சொன்னேன்.

"படிய கீயத?"

சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார். வாய் தானாகவே மூவாயிரத்து எண்ணூறு என்றது.

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கேட்டார். அப்போதாவது திருத்தியிருக்கலாம். எனக்கு ஆறாயிரத்து ஐந்நூறு என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவள் என் தோளை உரசிக்கொண்டு நிற்கிறாள். பொலிசைவிட அவளுக்குத்தான் பயந்தேன். மூவாயிரத்து எண்ணூறுதான் என்று இரண்டாம் முறையும் சொன்னேன். அதிகாரி கடிதத்தைத் தன் ஆளிடம் காட்டி, ஆறாயிரத்து ஐந்நூறு என்று உரக்க வாசித்தார். கள்ளக் கடிதம் என்று அவர் நினைத்ததில் பிழை இல்லை. தன் சம்பளம் தெரியாத ஆள் உலகத்தில் உண்டா? என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு கொண்டுவரப்பட்டவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சிலர் திரும்பி வந்து வீட்டுக்குப் போனார்கள், சிலர் வரவில்லை. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டு, எனக்காக யார் வந்து சொல்லப் போகிறார்கள்? என்னை எங்கேயாவது கொண்டுபோய்விட்டால் அம்மாவுக்கு யார் கடிதம் போடுவார்கள் என்று யோசித்தேன். பயத்தில் எனக்கு நித்திரைதான் வந்தது. கண்ணை மூடினால் நாலாம் மாடி அறை தெரிந்தது, அதன் கதவு உள்ளே பூட்டியிருந்தது.

பத்து மணியளவில் அவள் வந்தாள். தனியாக. கடைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கொஞ்சம் பெரிய ஆள் மாதிரித் தெரியட்டும் என்று. எனக்குச் சரளமாகப் பேச வராத சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேசைக்கு முன்னால் நின்று அவள் சொன்னதில் எனக்கு முக்கால்வாசி விளங்கியது. கடிதம் உண்மை ஐயா, இந்த அக்காதான் பொய். எங்கள் எல்லோரிடமும் இரண்டு வருடமாக இந்தப் பொய்யைத்தான் சொன்னார். நானும் பொய்தான் சொல்கிறேன். என் அம்மாவுக்குக் கவலை வரக்கூடாது என்று நான் கூட்டிச் சொல்கிறேன். இவர் குறைத்துச் சொல்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். தன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, அம்மாவுக்கு எவ்வளவு என்று எழுதுகிறாள் என்பதையும் சொன்னாள்.

சார்ஜன்ட் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாம், அவளுடைய சம்பளம் இன்றுவரை தனக்குச் சரியாகத் தெரியாது என்றார். என் பெயர் விலாசத்தை எழுதிக்கொண்டு போகச் சொன்னார். அவர் சிரித்தது என் அதிர்ஷ்டம். சிரிக்காத ஒருவர் அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

தண்டவாளத்து ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தோம். வெயில் ஏறி, கடல் வெள்ளித் தகடு மாதிரிக் கிடந்தது. கால் தரையில் படாதது போல இருந்தது எனக்கு. "பிள்ளை, என்னில கோவமோ?" என்று கேட்டேன். அவள், "கல்லப் பாத்து வாங்கக்கா" என்றாள், அவ்வளவுதான்.

மேல்மாடியில் எல்லோரும் காத்திருந்தார்கள். எங்களில் மூத்தவர் தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதி. எனக்குத் தேநீரைத் தந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து பாயில் இருந்தார்.

"சரி, இனி ஆளாளுக்குச் சம்பளத்தைச் சொல்லுங்கோ. அடுத்த ரவுண்டப்புக்கு ஒருத்தருக்கும் வாய் தடுமாறக் கூடாது. எல்லாருக்கும் தெரிஞ்சால் பிறகு ஆருக்கு ஒளிக்கிறது?"

எல்லோருக்கும் உடுப்பை அவிழ்க்கச் சொன்னதுபோல் ஒரு கூச்சம். தாதி அக்காவே தொடங்கினார். பிறகு வங்கியில் வேலை செய்தவள். மினுக்கான கைப்பையும் குதி உயர்ந்த செருப்புமாகத் திரிகிறவளுக்கு என்னைவிட ஆயிரம் குறைவு என்று தெரிந்ததும் மாடியே குலுங்கச் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஒருத்தி தன் கணக்கைச் சொல்லிவிட்டு, "கடவுளே, பாரம் இறங்கின மாதிரிக் கிடக்கு" என்றாள். அறையெங்கும் ஒரு மயக்கம் பரவியிருந்தது. வெளியே அலை, உள்ளே தொகைகள். நானும் என் ஆறாயிரத்து ஐந்நூறை என் வாயாலேயே சொன்னேன்.

கடைசியாக அவள்.

"ரெண்டாயிரத்து எரநூறு."

சிரிப்பு நின்றது. கடையில் விழுந்தடித்து வேலை செய்து, இரண்டாயிரத்து இருநூறில் வாடகை கொடுத்து, என் பங்கிலும் இருநூறு போட்டு, ஊருக்கும் அனுப்பியிருக்கிறாள். மற்றவர்கள் எழுந்து சமைக்கப் போன பிறகு அவள் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அந்த வாடகைக் காசு முழுக்கத் திருப்பித் தந்திடுறன்."

"வாடகைய விடுங்கக்கா." பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "தை மாசம் ஒங்க ஒபிஸ்ல ஒரு டைப்பிஸ்ட் வேலை காலியா இருந்திச்சே, நீங்க வந்து சொன்னீங்க. நான் டைப்பிங் கிளாஸ் முடிச்சிருந்தேன். நீங்க இத்தன வருசம் வேல பாத்தே மூவாயிரத்து எண்ணூறுன்னா, புதுசா வர்றவளுக்கு என்ன, இதே ரெண்டாயிரந்தான் குடுப்பாங்கன்னு நெனச்சேன். அதான் வேல கேட்டுக் கடிதம் போடல."

எனக்கு அது நினைவே இல்லை. சோறு தின்றபடி ஏதோ ஒரு நாள் சொல்லியிருப்பேன்.

"அந்த எடத்துக்கு வந்த புள்ளைக்கு எவ்வளவுக்கா?"

எனக்குத் தெரியும். அந்தப் புதுப் பெண்ணின் நியமனக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்ததே நான்தான். குறைத்துச் சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. இந்த முறை என்னைக் காப்பாற்ற அல்ல, அவளைக் காப்பாற்ற.

"ஐயாயிரம்" என்றேன்.

தலையாட்டினாள். விரல்களை மடக்கி, தை, மாசி, பங்குனி என்று மாதங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அந்த மாதமான ஆவணியில் நிறுத்தினாள். பொலிஸ் நிலையத்தில் அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவில் குரல் நடுங்காமல் பேசியவள், அப்போதுதான் அழுதாள்.