இறுக்கமான காலுறையும் என் ஓட்டமும்

பூண்டுலோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறேன். தோட்ட விளையாட்டுப் போட்டிக்காக, வேலை முடிந்ததும் மேட்டு ரோட்டில் ஓடிப் பழகுவேன். "நாள் பூரா மலையில ஏறி இறங்குறவளுக்கு ஓட்டம் வேறயா?" என்று லயத்து வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஓடிய பிறகு வரும் கெண்டைக்கால் வலி குறையுமென்று, ஹட்டனில் இறுக்கமான காலுறை வாங்கினேன். "ஒங்க காலுக்கு இது சின்னது, பெருசு எடுங்க" என்றார் கடைக்கார நானா. நான் கேட்கவில்லை. கொழுந்து எடுக்கும்போது படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினால்தானே மலையில் முதுகு தாங்குகிறது, காலுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். போதாததற்கு மேல்விளிம்பை முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்டு, அப்படியே தூங்கியும் போனேன்.

காலையில் வேலைக்குப் போக எழுந்து நின்றால், கால் இருப்பதே தெரியவில்லை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கணவர் பதறிப்போய்க் கத்தரிக்கோலால் காலுறையை வெட்டி எடுத்தார். ஊசி குத்துவதுபோல் மெதுவாக உணர்வு திரும்பியது. கணவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "நல்ல வேளை தப்பிச்சீங்க" என்றார் டாக்டர்.

"இனி ஓட்டமே வேணாம்" என்றார் கணவர்.

"தப்பு நான் வாங்குன அளவுலங்க. ஓட்டத்துல இல்ல" என்றேன்.

இப்போது காலை அளந்துதான் வாங்குகிறேன். விளிம்பை மடிப்பதில்லை, படுக்கும்முன் கழற்றிவிடுகிறேன். வலி கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

மேட்டு ரோட்டில் இன்றும் ஓடுகிறேன். சிரிக்கிறவர்கள் என்னோடு உச்சிவரை ஓடிவந்து, அங்கே நின்று சிரிக்கட்டும். மூச்சு மிச்சமிருந்தால்.