ஸ்டெல்லா அக்காவின் கை நழுவிய வீடு

எங்கள் சபை ஸ்டெல்லா அக்கா மாதக்கணக்கில் வாடகைக்கு வீடு தேடுகிறார். லிங்கராஜபுரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. இன்று காலை ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

டிவியில் மேட்ச். இந்த ஓவர் முடியட்டும், இந்த ஓவர் முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அக்கா பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றிருந்தார்.

"சாரிக்கா, டிராஃபிக்."

போய்ச் சேர்ந்தால், வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். "ஸ்வல்ப முன்னாடி வந்திருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேனே" என்றார் ஓனர், கன்னடம் கலந்த தமிழில்.

அக்காவின் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு என்னைத் தேற்றினார்.

"விடுங்க தம்பி. கர்த்தர்தான் உங்கள டிராஃபிக்ல நிறுத்தி வெச்சிருக்காரு. இது நமக்குன்னு வெச்ச வீடு இல்ல. அவரோட நேரம் வரும்."

அந்தத் தெருவிலேயே கண்ணை மூடி, என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஸ்தோத்திரம் செலுத்தினார். ஆமென் சொன்னேன். வேறென்ன சொல்ல?

மேட்ச்சும் தோற்றுவிட்டோம்.

லிங்கராஜபுரம் பக்கம் வீடு காலியிருந்தால் உடனே சொல்லுங்கள். கர்த்தர் நேரத்துக்குத்தான் வருகிறார். லேட்டாக வருவது நான்.