பாக்கி எட்டு மாதம்

நான் சொல்வதை நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. அந்த வாடகை அக்ரிமெண்ட் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். ஆஸ்பத்திரி லேபில் பதினொரு வருஷமாக ரத்தம் பரிசோதிக்கிறவள் நான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எப்போதும் ராத்திரி ட்யூட்டி. காலை எட்டே முக்காலுக்கு வீடு வந்து, குளித்து, ஒன்பதரைக்குக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டால் அதுதான் என் ராத்திரி. ஊரே விழித்திருக்கும் நேரத்தில் அடித்துப் போட்டமாதிரி தூங்குவேன். அதனால் இதில் நடந்தது எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. பேய்க்குக்கூட என் ட்யூட்டி நேரம் தெரிந்திருக்கிறது என்பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. பெரிய கட்டில் ஒன்று வீட்டோடு வந்தது. பன்னிரண்டு மாத அக்ரிமெண்ட். மூன்று மாத வாடகை அட்வான்ஸ். என் அக்கா தன் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. ட்யூட்டி முடிந்த கையோடு போனதால், தூக்கக் கலக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் தடவை விழித்தேன். மணி 11.20.

க்ளிக்... வாசல் கதவில் சாவி திரும்பியது.

அப்புறம் கூடத்தில் ஸ்விட்ச். அப்புறம் சமையலறைக் குழாய். தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. நான் எழுந்து போனேன். கதவு உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. கூடத்து விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நானே மறந்திருப்பேன் என்று அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாளும் 11.20.

அதற்கடுத்த நாளும்.

ஒரு வாரத்தில் வரிசை மனப்பாடமாகிவிட்டது. 11.20 சாவி. 11.22 குழாய். 11.31 நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுக்கும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. நாற்காலி மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கும். பயமுறுத்துகிற மாதிரி ஒன்றுமே இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருத்தி என்ன செய்வாளோ அதையேதான் அது செய்தது. வேறொருத்தி வீட்டில் நான் படுத்திருப்பது போல இருந்தது.

இரண்டாவது மாதம் குழாய்த் திருகில் வெள்ளை வெள்ளையாக விரல் தடம் பார்த்தேன். தொட்டு முகர்ந்தேன். மைதா மாவு. நான் வீட்டில் மைதா வாங்குவதே இல்லை.

வீட்டுக்காரரிடம் போன் போட்டு, எனக்கு முன்னால் குடியிருந்தது யார் என்று கேட்டேன்.

"ஒரு அம்மா இருந்தாங்க. பேக்கரில வேலை. விடியக்காலம் போவாங்க, பதினொண்ணரைக்குள்ள வந்துடுவாங்க. ஏம்மா?"

"சும்மாதாங்க."

செத்துத்தான் போயிருப்பாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதைக் கேட்க வாய் வரவில்லை.

மூன்றாவது மாதக் கடைசி. திங்கட்கிழமை. அன்று எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

11.20. சாவி.

11.22. குழாய்.

11.31. நாற்காலி இழுபடவில்லை...

காலடிச் சத்தம் படுக்கையறைப் பக்கம் வந்தது. வெறுங்கால். அசதியான நடை.

வாசற்படியில் நின்றது.

சூடான ரொட்டி வாசனை அறை முழுக்க.

11.40. கட்டிலின் அந்த ஓரம் மெல்ல அமுங்கியது.

என் முதுகுக்குப் பின்னால்... மூச்சு.

நான் கத்தினேன்.

மூச்சு நின்றது. மெத்தை மேலே எழும்பியது.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. தொட்டுப் பார்த்தேன். மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்கு மேல் அந்த வீட்டில் நான் தூங்கவில்லை. ஆஸ்பத்திரி ஓய்வறையில் பெஞ்சில் படுத்தேன். காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னபோதுதான், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். முன்கூட்டிக் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்ப வராது.

அக்காவின் வெறுங்கை கண்முன் வந்தது. விடக்கூடாது என்று ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். மனுஷர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அக்ரிமெண்டை இரண்டு தடவை படித்தார்.

"முழு அட்வான்ஸையும் அவர் அமுக்க முடியாதும்மா. ஒரு மாச நோட்டீஸ் எழுத்துல குடுங்க, காப்பி வெச்சுக்கோங்க. அடுத்த ஆள் வர்ற வரைக்கும் உள்ள வாடகையைத்தான் பிடிக்கலாம். நீங்களே ஆளைக் கொண்டுவந்துட்டா அதுவும் இல்ல. ஆமா, எதுக்குக் காலி பண்றீங்க?"

சொன்னேன்.

கண்ணாடியைக் கீழே இறக்கினார். "கூரை ஒழுகினா சட்டத்துல வழி இருக்கு. தண்ணி வரலைன்னாலும் இருக்கு. ஆள் நடந்தா இல்ல. இதை வெளிய எங்கயும் சொல்லாதீங்க."

நானும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருக்கும் பெண் வீடு தேடிக்கொண்டிருந்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல வீடு, நல்ல காற்று, கட்டில்கூட இருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினேன். "ஏன்கா இவ்ளோ நல்ல வீட்டை விடறீங்க?" என்று கேட்டாள். மாடிப்படி ஏற முடியவில்லை, மூட்டுவலி என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

பதினொன்றாம் தேதி சாவியைக் கொடுத்தேன். அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வந்தது. அக்கா வளையல்களை மீட்டுக்கொண்டாள். அந்தப் பெண் பதினாறாம் தேதி பால் காய்ச்சிக் குடிபோனாள். நான் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டேன். லேப் பக்கத்திலேயே என்பதால் எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவேன். தூக்கம் திரும்பி வந்தது. ஆனால் எழுந்திருக்கும்போது மட்டும், எங்கோ போய்விட்டு வந்தவள் போல உடம்பு அசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ட்யூட்டிக்குப் போகும்போது அந்தப் பெண் கவுண்டரிலிருந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் பேயறைந்தது போல இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் காலில் விழாத குறையாகப் பேச ஆரம்பித்தேன்.

"என்னை மன்னிச்சிரும்மா. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். பதினொண்ணு இருபதுக்குத்தானே?"

"இல்லக்கா. எட்டே முக்காலுக்கு."

"என்னது?"

"காலைல எட்டே முக்காலுக்குக் கதவு திறக்குது. குளிக்கிற சத்தம் கேக்குது. அப்புறம் ஜன்னல்ல திரை இழுக்கற சத்தம். அங்க திரையே இல்லக்கா, நீங்கதான் கழட்டிட்டுப் போயிட்டீங்களே. நேத்து எனக்கு லீவு. நான் கட்டில்லயே இருந்தேன்..."

கவுண்டர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்கா. நீங்கதான்."

அன்றிரவு ஒரு சாம்பிளைக்கூட என்னால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அந்தப் பேக்கரி அம்மா எப்படிச் செத்தார் என்று நேராகவே கேட்டேன்.

"செத்தாங்களா? யாரும்மா சொன்னது? முந்தாநாள்கூட எங்கிட்ட பேசினாங்களே!"

நம்பர் வாங்கினேன். அழைத்தேன். நான் யார், எந்த வீட்டில் இருந்தேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை அடிக்குமே... அது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

அவர் வேலை பார்த்த பேக்கரி வேறு இடத்துக்கு மாறியதால் எட்டாவது மாதமே காலி செய்தவர். மீதி நாலு மாதம். புது வீட்டில் வேலை முடிந்து வந்து கண்ணை மூடினால் போதும், பழைய வீட்டின் குழாய் கைக்குத் தட்டுப்படுமாம். ஒரு நாள் ரொம்ப அசதி என்று அந்தக் கட்டிலிலேயே போய்ப் படுத்திருக்கிறார். பக்கத்தில் யாரோ ஒருத்தி போட்ட கூச்சலில் தூக்கிவாரிப் போட்டு, தன் வீட்டில் எழுந்து உட்கார்ந்தாராம். திங்கட்கிழமை. பதினொன்று நாற்பது.

"மீதி வாடகையைக் கட்டிட்டா விட்டுடும்னு கட்டிக்கூடப் பார்த்தேங்க. வீட்டுக்காரர் வாங்கிக்கிட்டார். ஒண்ணும் மாறல."

"எப்பதான் நின்னுச்சு?"

"அக்ரிமெண்ட் முடிஞ்ச அன்னைக்கு. போன பதினஞ்சாம் தேதி. அப்புறம் போகவே இல்ல."

நான் காலி செய்தது பதினொன்றாம் தேதி. நாலே நாள். இன்னும் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால்... போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

"அழாதீங்க. உங்களுக்கு எவ்வளவு பாக்கி?"

"எட்டு மாசம்."

"ஐயோ..." என்றார். குரலைத் தாழ்த்தி, ஒரு மூத்த சகோதரி போலச் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. சுவர் பக்கமா, ஓரமாப் படுங்க. மூச்சு மெதுவா விடுங்க. பாவம், அந்தப் பொண்ணு வாடகை குடுத்து இருக்கா."